தங்கை ஊரில் எண்ணிய வாக்குகள்

கனடாவில் ஒரு கட்சிக்குத் தலைவரைத் தேர்ந்தெடுப்பதற்கும் பர்மாவில் பபேடான் பேட்டையில் இரண்டாம் மாடியில் குடியிருக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், என் தங்கைதான். அங்கே மேற்குப் பக்கம், கோதுமை வயல்களுக்கு நடுவே ஒரு சின்ன ஊரில் இருபது வருஷமாகக் கணவரோடு இருக்கிறாள். அவள் சேர்ந்திருக்கும் கட்சிக்குக் கிழக்கில் செல்வாக்கு, மேற்கில் சீந்துவாரில்லை. அதில் ஏன் சேர்ந்தாய் என்று கேட்டேன். "கூட்டம் கம்மி, போனா உக்கார இடம் கிடைக்கும்" என்றாள்.

தலைவர் பதவிக்கு இரண்டு பேர் போட்டி. ஒருவர் கிழக்கே பெரிய நகரத்துக்காரர். இன்னொருவர் இவர்கள் ஊரிலேயே பிறந்து வளர்ந்த அம்மாள். அவர் வந்தால் மேற்கிலும் கட்சி வேர் பிடிக்கும் என்று ஊரே நம்பியது. தங்கையும் அவருக்குத்தான் வாக்களித்தாள். கட்சி விதிப்படி ஆயிரம் உறுப்பினர் உள்ள தொகுதிக்கும் நாற்பது பேர் உள்ள தொகுதிக்கும் ஒரே மதிப்பு என்பதால் தங்கையின் ஊருக்குத் திடீர் மவுசு. எனக்கு இதெல்லாம் புதிதில்லை. எங்கள் கோயில் நிர்வாகத்துக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் தாகேதாக்காரர் தலைவரானால் அந்த வருஷம் பபேடான்காரர்கள் திருவிழாவுக்குத் தாமதமாகத்தான் வருவார்கள்.

வாக்கு எண்ணும் பொறுப்பைத் தங்கையிடம் கொடுத்தார்கள். அவள் என்னிடம் யோசனை கேட்டாள். நான் தாகேதாவில் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவள். இங்கே தேர்தல் என்றால் வாக்குச்சாவடியில் உட்காருவது ஆசிரியைகள்தான். ஒவ்வொரு சீட்டையும் எல்லோர் கண்ணிலும் படும்படி தூக்கிப் பிடி, பேரை உரக்கச் சொல், அவசரப்படாதே என்றேன். "நீ நேர்மையா எண்ணினதை எங்க கூட்டத்துல சொன்னேன் அக்கா. எல்லாரும் கை தட்டினாங்க" என்றாள். நான் பேச்சை மாற்றினேன்.

அவளுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. ராணுவம் ஆட்சியைப் பிடித்து, நாங்கள் எண்ணிய தேர்தல் செல்லாது என்று அறிவித்த பிறகு, பள்ளிக்கு இரண்டு பேர் வந்தார்கள். மரியாதையாக, டீச்சரைக் கூப்பிடும் முறையில்தான் பேசினார்கள். "சயாமா, ஒரு கையெழுத்து" என்று தாளை நீட்டினார்கள். என் சாவடியில் எண்ணிக்கை தப்பாக நடந்தது என்று அதில் எழுதியிருந்தது. தப்பு நடக்கவில்லை. இருந்தும் கையெழுத்துப் போட்டேன்.

அந்தத் தேர்தலில் எங்கள் தொகுதியில் ஜெயித்தவன் தங்கையோடு ஒரே வகுப்பில் படித்தவன், எங்கள் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன். அவனைப் பிடித்துக்கொண்டுபோன மறுநாள் அவன் அம்மா எங்கள் வாசல்வரை வந்து, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனார். அதற்குப் பிறகு நான் வேலையை விட்டேன், பாலம் தாண்டி இங்கே குடிவந்தேன். வந்து என்ன? இன்றும் பால் டின்னால் அரிசி அளக்கும்போது ஒன்று, இரண்டு என்று எண்ணினால் கூடவே அவன் பேரும் வாயில் வந்துவிடுகிறது. அதனால் எண்ணாமல் குத்துமதிப்பாகப் போடுகிறேன். சில நாள் சோறு மிஞ்சும், சில நாள் பற்றாது.

தங்கை ஊரில் எண்ணிய அன்று அங்கே சாயங்காலம், இங்கே காலை. மின்சாரம் வந்த நேரம் பார்த்து மோட்டார் போட்டுத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். தங்கை கூப்பிட்டாள். குரலைத் தணித்துப் பேசினாள்.

"அக்கா, எங்க ஊரு அம்மா ரெண்டு ஓட்டுல தோத்துட்டாங்க. சொந்த ஊர்லயே தோத்துட்டாங்கன்னு வெளிய எப்படிச் சொல்றதுன்னு எல்லாரும் இடிஞ்சு போய் உக்காந்திருக்காங்க. அந்த ஆளுக்கு விழுந்ததுல மூணு சீட்டு செல்லாதுன்னு நான் கையெழுத்துப் போட்டா போதுமாம்."

"செல்லாத சீட்டா?"

"இல்ல. சுத்தமான சீட்டுதான். ஆனா நான் இவங்களோடதான வாழணும்? பனியில காரு மாட்டிக்கிட்டா வந்து தள்ளுறது இவங்கதான். ஊரோட ஒத்து வாழுன்னு நீயே சொல்லுவியே. ஒரு கையெழுத்துதான, போட்டுடவா?"

போடாதே என்றேன். ஏன் என்று கேட்டாள். சின்ன வயதிலிருந்தே ஏன் என்று கேட்காமல் எதையும் செய்யமாட்டாள். அந்தப் பிடிவாதத்தின் மேல் அன்றைக்கு எனக்கு ஆத்திரமாக வந்தது. ஏதாவது பொய் சொல்லித் தப்பித்திருக்கலாம். தொட்டி நிரம்பித் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"நான் போட்டேன். என் சாவடி எண்ணிக்கை தப்புன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். யாரும் அடிக்கல, மெரட்டல. பேனாவைக் கொடுத்தாங்க, போட்டேன்."

அந்தப் பக்கம் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"அவன் ஜெயிச்ச தேர்தல்லயா?" என்றாள்.

"ஆமா."

"அவங்க அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சிருக்கும்."

"சரி" என்று வைத்துவிட்டாள்.

நாலு நாள் கழித்து அவள் கணவர் கூப்பிட்டார். தங்கை கையெழுத்துப் போடவில்லை. அந்தத் தொகுதி கிழக்கத்திக்காரருக்கே போயிற்று, அவரே தலைவராகவும் ஆகிவிட்டார். ஊரில் இரண்டு வீட்டார் இவர்களோடு பேசுவதில்லையாம். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. பெருமையாகக்கூட இருந்தது.

"அவகிட்ட ஃபோனைக் குடுங்க" என்றேன்.

"இங்க பக்கத்துலதான் நிக்கிறா. வேணாம்னு தலைய ஆட்டுறா."