ஒன்பதாவது பாட்டில் என் குரல்

மாமாவின் ஆல்பத்தில் ஒன்பதாவது பாட்டு முடிந்து கைதட்டல் அடங்குகிற இடத்தில் ஒரு சிறுமி கீச்சென்று கத்துவாள். அது நான்தான். எனக்கு அப்போது எட்டு வயது. இப்போது அந்தக் கச்சேரி கைப்பேசியிலேயே கிடைக்கிறது. கேட்டவர்கள் அடியில் ‘அந்தப் பாப்பா ரொம்ப அழகு’ என்று எழுதி இதயம் போட்டிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கேட்க அழகாகத்தான் இருக்கிறது.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. எங்களைப் போலவே கேமரன் மலையில் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து, பள்ளி முடிந்ததும் கோலாலம்பூருக்குப் போய், கித்தாரும் தாடியுமாக மாறியவர். தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடுவார். எல்லாம் தேயிலையைப் பற்றிய பாட்டுகள்தான். அவர் ஒரு நாள்கூடக் கூடை சுமந்ததில்லை என்று அம்மா சிரித்துக்கொண்டே சொல்வார்.

அந்த வருடம் மாமாவுக்கு ஓர் ஆசை வந்தது. ஸ்டூடியோ வேண்டாம், பிறந்த எஸ்டேட்டின் மண்டபத்திலேயே சொந்த சனத்துக்கு முன்னால் பாடி, கைதட்டல், இருமல் எல்லாவற்றோடும் அப்படியே பதிவு செய்து ஆல்பமாக விட வேண்டும். அதற்காக இரண்டு வாரம் முன்பே வந்து எங்கள் வீட்டில் தங்கினார். பன்னிரண்டு பாட்டு வேண்டும். பதினொன்றுதான் தேறியது. மீதி ஒன்றைக் கொடுத்த புண்ணியவதி நான்.

அம்மாவும் மற்ற பெண்களும் மலையில் பாடுகிற பாட்டு அது. ‘பனி ஏறுது, பனி ஏறுது, பாதை மறையுது பாத்து வாடி’ என்று நாலே வரி. அதில் பெரிய விஷயம் ஒன்றும் கிடையாது. பாடுகிற முறையில்தான் விசேஷம். வேலையைப் பிரித்துக் கொடுக்கும் மண்டோரின் மோட்டார் சைக்கிள் கீழே ரோட்டில் சத்தம் போட்டால், ரோட்டோரத் தேயிலை நிரையில் நிற்பவர் முதல் வரியை எடுப்பார். அடுத்த நிரை அதை வாங்கிப் பாடும். இப்படி நிரை நிரையாகப் பாட்டு மலையேறி, மறுபக்கத்துப் பள்ளத்தில் தனியாகக் கொழுந்தெடுக்கும் அக்காவின் காதுக்குப் போய்ச் சேரும். அவள் உடனே கூடையோடு மேலே ஏறி வந்து மற்றவர்களோடு நின்றுகொள்வாள். மோட்டார் திரும்பிப் போனதும் இறங்கிவிடுவாள்.

அந்த அக்கா எங்கள் அடுத்த வீடு. தினமும் எனக்குத் தலை பின்னிவிடுவாள். மண்டோர் எப்போதும் அவளைத்தான் பள்ளத்துக்கு அனுப்புவார். ஏன் அவளை, ஏன் தனியாக என்றெல்லாம் நான் யோசித்ததில்லை. பள்ளி விடுமுறையில் அம்மாவோடு மலைக்குப் போகிற எனக்கு அது கண்ணாமூச்சி மாதிரி ஒரு விளையாட்டு. நானும் சேர்ந்து பாடுவேன்.

மாமா என்னிடம் பாட்டை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார். எதற்குப் பாடுகிறார்கள் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவர் அதைக் கித்தாரில் வாசித்தபோது அம்மா அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு ஓடிவந்தார்.

“டேய், இது வேணாம்லா. வேற பாடு.”

“ஏன்கா? இருக்கறதுலயே இதுதான் டாப்பு. யாரு எழுதுனது?”

“யாரும் எழுதல. சும்மா பொம்பளைங்க பாடுறது. விட்டுடேன்டா.”

அப்பா பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழக் கூடாதென்று அம்மா அடுப்படிக்குத் திரும்பிவிட்டார். யாரும் எழுதாத பாட்டு என்று தெரிந்ததும் மாமாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

கச்சேரி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மண்டபத்துச் சாவி மண்டோரிடம் இருந்தது. அதனால் அவர்தான் சிறப்பு விருந்தினர். பிரிஞ்சாங் டவுனில் வாங்கிய மாலையை அப்பாவே அவர் கழுத்தில் போட்டு முன்வரிசையில் உட்கார வைத்தார். நானும் அம்மாவும் மூன்றாவது வரிசை. அக்கா எங்களுக்குப் பின்னால் இருந்தாள்.

ஒன்பதாவதாக அந்தப் பாட்டு வந்தது. மாமா கண்ணை மூடிக்கொண்டு பாடினார். நன்றாகவே பாடினார், அதையும் சொல்லத்தான் வேண்டும். முடித்துவிட்டு மைக்கில், “ஒரு பனி நாள்ல தனியா உக்காந்து நான் எழுதுன பாட்டு இது” என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அம்மாவின் பாட்டைத் திருடிவிட்டு எப்படி வாய்கூசாமல் சொல்கிறார்! நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினேன்.

“பொய்! அது எங்கம்மாங்க பாட்டு! மண்டோர் மோட்டாரு வந்தா அக்காவ மேல கூப்புட பாடுறது!”

அம்மாவின் கை என் வாயைப் பொத்தியது. மண்டபமே சிரித்தது. பொடிசு மாமனை மடக்கிவிட்டதே என்ற சிரிப்பு. பெண்கள் யாரும் சிரிக்கவில்லை என்பது அப்போது என் கண்ணில் படவில்லை. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் மண்டோர். சிரித்துக்கொண்டே மாலையைச் சரிசெய்தபடி திரும்பி, எங்கள் வரிசையையும் எங்களுக்குப் பின் வரிசையையும் நிதானமாகப் பார்த்தார்.

மறுநாளே மலையில் பாட்டுக் கூடாது என்று உத்தரவு வந்தது. வேலை கெடுகிறதாம். அம்மாவைத் தூரத்துக் காட்டோரத்துக்கு மாற்றினார்கள். அக்கா மட்டும் அதே பள்ளத்தில். மண்டோர் மோட்டாரை ரோட்டிலேயே தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வரப் பழகிக்கொண்டார்.

மூன்றாவது வாரம் ஒரு நாள், அக்கா பாதி வேலையில் கூடை இல்லாமல் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். நான் சீப்பும் ரிப்பனுமாகப் போய்த் தட்டித் தட்டிப் பார்த்தேன். திறக்கவில்லை. இரண்டு நாள் கழித்து கோலா தெர்லா பக்கம் போகிற காய்கறி லோரியில் ஏறிப் போய்விட்டாள். நான் ஓடிப்போய்க் கையசைத்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அக்காவுக்கு என்மேல் என்ன கோபம் என்று அம்மாவிடம் கேட்டேன்.

“ஒன்னுமில்ல. போய் வெளாடு” என்றார்.

பல வருடம் கழித்து, நான் பெரியவளான பிறகுதான் அம்மா வாய் திறந்தார். “அந்தாளு ரொம்ப நாளா அவ மேல கண்ணு வச்சிருந்தான். பாட்டு இருந்த வரைக்கும் அவனால கிட்ட வர முடியல.” அவ்வளவுதான் சொன்னார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆல்பத்தை மாமா அடுத்த தீபாவளிக்குக் கொண்டுவந்தார். அட்டையில் ‘மலைப் பெண்களுக்குச் சமர்ப்பணம்’ என்று போட்டிருந்தது. என் குரலையும் வைத்திருந்தார். “பொய்! அது எங்கம்மாங்க பாட்டு!” என்பது வரைக்கும். அடுத்த வரியை வெட்டிவிட்டு நேராகச் சிரிப்பில் ஒட்டியிருந்தார். எதை வெட்ட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதற்கு மேல் அவர் எதையும் தெரிந்துகொள்ள விரும்பவில்லை. கச்சேரிகளில் இன்றும் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்க வைக்கிறாராம். அம்மா அந்த ஆல்பத்தை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. பாடுவதையும் விட்டுவிட்டார்.

மாமா திருடிக்கொண்டு போயிருந்தாலும் அந்தப் பாட்டு மலையில் தன் வேலையைச் செய்துகொண்டேதான் இருந்திருக்கும். அதைப் பிடுங்கியது நான். அவர் வெட்டிப் போட்ட அந்த ஒரு நொடிக்குள்தான் அம்மாவின் கை இருக்கிறது. தேயிலைக் கறை ஏறிய கை. அம்மாவுக்காகத்தானே பேசுகிறேன், என்னை ஏன் பொத்துகிறார் என்ற ஆத்திரத்தில் நான் அந்தக் கையை ரத்தம் வருகிற வரை கடித்தேன்.