கறுப்பு அறையில் ஒரு மஞ்சள் ஜமக்காளம்

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் நாங்கள் குடியிருந்த மாடிப் போர்ஷனில் ஒரே ஒரு பெரிய அறைதான். சமைக்க அதை ஒட்டி ஒரு தடுப்பு, குளிக்க மொட்டைமாடியில் தகரக் கதவு போட்ட ஒரு மறைப்பு. அறையின் தரை மரத்தால் ஆனது. அகல அகலமான தேக்குப் பலகைகள், எண்ணெய் ஏறி ஏறி, அதிகமாக வறுத்துவிட்ட காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்திருந்தன. ஜன்னல்கள் இரண்டும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்து இருந்ததால் பட்டப்பகலிலும் விளக்குப் போட வேண்டும். பார்த்த உடனேயே எனக்கு வேண்டாம் என்று தோன்றியது. என் கணவர் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் பலகைகள் மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து பார்த்தார். பிறகு என்னிடம், "இங்கேயே இருந்துடலாம்மா" என்றார்.

கல்யாணமாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம். அவர் அடையாறில் கட்டட வரைபடம் போடும் ஓர் அலுவலகத்தில் டிராஃப்ட்ஸ்மேன். நான் தி. நகரில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். அதுவரை அவருடைய அண்ணன் வீட்டில் ஹாலில் படுத்திருந்தோம். சொந்தமாக ஓர் அறை கிடைத்ததும் அதை எப்படி அலங்கரிப்பது என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. வாசலுக்குக் கிளிப்பச்சைத் திரை, கட்டிலுக்குப் பூப்போட்ட விரிப்பு, மூலையில் மூங்கில் கூடை நாற்காலி.

அவருக்கு வேறு கணக்கு இருந்தது. கட்டில், மேஜை, இரண்டு நாற்காலி, ஓர் அலமாரி, ஒரு தாழ்ந்த டீப்பாய் எல்லாவற்றையும் அவரே வரைந்தார். ஒரு வளைவு இல்லை, ஒரு செதுக்கல் இல்லை. நேர்க்கோடுகள் மட்டும். கே.கே. நகரில் ஒரு தச்சரிடம் போனோம். படத்தைப் பார்த்து அவர் தலையாட்டினார். நிறத்தைக் கேட்டதும்தான் தயங்கினார்.

"கறுப்பா? இன்னா சார் இது, எழவு வூடு மாதிரி ஆயிடும். நல்லா செவப்பா பாலிஷ் அடிச்சுத் தர்றேன், ஷோக்கா இருக்கும் பாரு."

"கறுப்புதான் வேணும். பளபளப்பே கூடாது."

"அம்மா, நீயாச்சும் சொல்லும்மா."

நான் சொல்லத்தான் செய்தேன். வீட்டுக்குத் திரும்பும் வழி முழுக்கச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நாள் பூரா வெள்ளைப் பேப்பரையே பார்த்துட்டு இருக்கேன். வீட்டுக்கு வந்தா கண்ணுக்கு இதமா இருக்கணும். ஒரு கலர் உள்ள வந்தாலும் கெட்டுடும். நீ வேணா பாரு, மரத்தரையில கறுப்பு வெச்சா எப்படி உட்காரும்னு" என்றார்.

சாமான்கள் வந்து இறங்கியபோது அவர் சொன்னது சரி என்றுதான் எனக்கும் பட்டது. தரையிலிருந்து முளைத்தவை போல அவை நின்றன. சுவர்களுக்குச் சாம்பல் கலந்த சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார். காலண்டர்கூட மாட்டவிடவில்லை. சாயங்காலம் நாற்காலியில் சாய்ந்து, ஒரே ஒரு சின்ன விளக்கைப் போட்டுக்கொண்டு அறையையே பார்த்துக்கொண்டிருப்பார். அவருடைய நண்பர்கள் வந்தால் அழகாகப் பேசுவார்: இருட்டுக்கு ஒரு அமைதி இருக்கிறது, நம் ஊரில் யாருக்கும் அது தெரிவதில்லை என்று. எனக்கு அந்த அறையில் உட்கார்ந்தால் நெஞ்சுக்குள் ஏதோ இறங்குவது போல இருக்கும். ஆனால் அவர் ரசனையில் எனக்குப் பெருமை இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

முதலில் கவனித்தது கீழே இருந்த வீட்டுக்கார மாமி. மரத்தரை என்பதால் மேலே நடப்பதெல்லாம் அவர்கள் தலைக்கு மேல் கேட்கும்.

"ஏண்டிம்மா, உங்காத்துக்காரர் எதுலயாவது இடிச்சுண்டே இருக்காரே, என்ன அவசரம் அவருக்கு?" என்று ஒருநாள் கேட்டார்.

என் கணவரின் முழங்காலுக்குக் கீழே எப்போதும் கன்றிப்போன ஒரு நீலத் தடம் இருக்கும். டீப்பாய் மூலை. கேட்டால் கரண்ட் போயிருந்தது என்பார், யோசனையாக வந்தேன் என்பார். நானும் நம்பினேன். பிறகு கபாலி கோயில் தேருக்குப் போன கூட்டத்தில் பக்கத்தில் நின்ற குழந்தையைப் பார்க்காமல் மோதிக் கீழே தள்ளிவிட்டார். இன்னொரு நாள் அடையாறு பாலத்தில் பக்கவாட்டில் வந்த சைக்கிள் தெரியாமல் ஸ்கூட்டரைத் திருப்பிவிட்டார். சைக்கிள்காரருக்கு அடி இல்லை. இவர்தான் மறுபடி ஏறி ஓட்டாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார். மறுநாள் லீவு போட்டுவிட்டு அவரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

சொட்டு மருந்து விட்டு, இருட்டறையில் உட்காரவைத்து, வெகுநேரம் சோதித்தார்கள். டாக்டர் நடுவயதுப் பெண்மணி. சுற்றி வளைக்கவில்லை. விழித்திரை ஓரங்களிலிருந்து கருகிக்கொண்டு வருகிறது, பிறவியிலேயே உள்ள கோளாறு, முதலில் இருட்டில் பார்வை போகும், அப்புறம் பக்கப் பார்வை, நடுவில் இருப்பது எத்தனை வருடம் நிற்கும் என்று சொல்ல முடியாது, இதற்கு மருந்து கிடையாது என்றார். பிறகு அவரிடம் கேட்டார்.

"வெளிச்சம் ரொம்பக் கூசுமா உங்களுக்கு?"

"கூசும்."

"வெள்ளையா எதையாவது பார்த்தா? இருட்டான இடம் சௌகரியமா இருக்குமா?"

"ஆமா டாக்டர்."

"அதுவும் இதனாலதான்."

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றோம். சொட்டு மருந்தால் கண்ணைத் திறக்க முடியாமல் கைக்குட்டையால் மூடிக்கொண்டிருந்தார். அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் பஸ் ஒன்று வந்து போனது. ஏறவில்லை.

"அப்போ எனக்குக் கறுப்பு பிடிச்சதுகூட வியாதிதானா?" என்றார்.

பார்வை போகப்போகிறது என்பதைவிட அதுதான் அவரை அடித்துவிட்டது போலிருந்தது. அதற்குப் பிறகு நண்பர்களிடம் அவர் அறையைப் பற்றிப் பேசவே இல்லை.

டாக்டர் எனக்குத் தனியாக ஒன்று சொல்லியிருந்தார். தரையும் சாமானும் ஒரே நிறத்தில் இருந்தால் அவருக்கு இரண்டும் கலந்துவிடும். வித்தியாசம் தெரிகிற மாதிரி ஏதாவது செய்யுங்கள், பளபளப்பு வேண்டாம், கூசும். இதைக் கேட்டதும் எனக்கு ஒரு வேகம் வந்தது. செய்வதற்கு ஏதோ ஒன்று கிடைத்துவிட்டதே என்ற வேகம். சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் ரங்கநாதன் தெருவில் நுழைந்து கடை கடையாக ஏறி இறங்கினேன். அழுத்தமான மஞ்சளில் ஒரு ஜமக்காளம் கிடைத்தது. கட்டிலுக்கு முன்னால் விரித்தேன். நாற்காலி முதுகுகளுக்கு வெளிர் காவியில் உறை தைத்தேன். பாண்டி பஜாரில் ஒரு சின்ன டப்பா மஞ்சள் பெயின்ட் வாங்கிவந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தபோது, மேஜைக்கும் டீப்பாய்க்கும் விளிம்பெல்லாம் விரல் அகலத்துக்குக் கோடு இழுத்தேன்.

அவர் வந்து பார்த்தார். டீப்பாய் அருகே குந்தி உட்கார்ந்து, தலையை மெல்ல நகர்த்தி, அந்தக் கோட்டை நெடுநேரம் பார்த்தார். அவர் கைப்பட வரைந்த சாமான். என் கோடு வேறு நேராக இல்லை, ஓரிடத்தில் வழிந்திருந்தது.

"வீடா, ரோடா இது?" என்றார்.

"டாக்டர்தான் சொன்னாங்க."

"உன் கையை யாராவது பிடிச்சு இழுத்தாங்களா? ஒரு ஸ்கேல் வெச்சுப் போட்டிருக்கலாமே."

குரல் உயரவில்லை. எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விட்டார். மறுநாள் காலையில் நான் கண்விழித்தபோது, வழிந்திருந்த இடத்தைப் பிளேடால் சுரண்டிச் சரிசெய்துகொண்டிருந்தார்.

அதன் பிறகு அவரே கேட்க ஆரம்பித்தார். ஸ்விட்சைச் சுற்றிக் கொஞ்சம் மஞ்சள் வை, கதவு நிலையில் வை, தம்ளர் கறுப்பு மேஜையில் தெரிகிறது, காப்பிதான் தெரியவில்லை, வெள்ளைக் கோப்பையில் கொடு. ஒவ்வொன்றும் செய்த பிறகு, "இப்ப நல்லா இருக்கா?" என்று கேட்பேன். "பரவாயில்லையே, பளிச்சுனு இருக்கு" என்பார். ஒருவிதமாகப் பார்த்தால் எங்களுக்கு அது நல்ல காலம்தான். நான் கேட்ட கலர்கள் அந்த அறைக்குள் வந்துகொண்டிருந்தன. வந்த காரணத்தை நினைக்காமல் இருந்தால் போதும்.

ஆனால் அலுவலகத்தில் அவருக்கு நெருக்கடி கூடியது. மெல்லிய கோடுகள் பாதியில் அறுந்துபோகின்றன என்றார். முதலாளி நல்ல மனிதர், வரைவதை விட்டுவிட்டு மற்றவர்களின் படங்களைச் சரிபார்க்கச் சொன்னார். அதுவும் நடக்கவில்லை. ஒரு தீபாவளிக்குப் பிறகு போவதை நிறுத்திவிட்டார். ஸ்கூட்டரை ஏற்கெனவே விற்றாகிவிட்டது. நான் காலையில் கிளம்பினால் திரும்பி வரும்வரை அவர் அந்த அறையில் ரேடியோவோடு இருப்பார். மாமி மத்தியானம் மாடியேறி வந்து ரசம் கொடுத்துவிட்டுப் போவார். "பாவம், பேசவே மாட்டேங்கறார்டி" என்பார் என்னிடம்.

அந்தக் கார்த்திகையில் மழை விடாமல் பெய்தது. வேளச்சேரிப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் என்று பேசிக்கொண்டார்கள். எங்கள் அறையில் துணி எதுவும் காயவில்லை. துவைத்த மஞ்சள் ஜமக்காளம் கொடியில் நாற்றமடித்துத் தொங்கிக்கொண்டிருந்ததால், பழைய அரக்குக் கம்பளி ஒன்றைக் கட்டில் முன்னால் விரித்திருந்தேன். மரத்தரை மேல் அது இருப்பதே தெரியாது.

அன்று அவருடன் வேலைபார்த்த நண்பர் ஒருவர் நனைந்துகொண்டே அவரைப் பார்க்க வந்தார். இவர் கட்டிலிலிருந்து எழுந்து, நண்பரைக் கைநீட்டி வரவேற்று, உட்காரச் சொன்னார். வெகுநாள் கழித்து உற்சாகமாகப் பேசினார்.

"எல்லாம் இவ வேலைதான். இந்த மஞ்சள் ஜமக்காளம் போட்ட பிறகுதான் கட்டில் எங்க ஆரம்பிக்குதுன்னு பளிச்சுனு தெரியுது. பார்த்தீங்களா?" என்று காலால் அந்தக் கம்பளியைத் தொட்டுக் காட்டினார்.

நண்பர் கீழே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் காப்பி கலக்கத் தடுப்புக்குள் போய்விட்டேன். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. துடைத்துவிட்டு மறுபடி பற்றவைத்தேன்.

நண்பர் படியிறங்கிப் போனதும் இவர் என் பக்கம் திரும்பினார்.

"அவர் ஏன் ஒண்ணுமே பதில் சொல்லலை?" என்று கேட்டார்.

பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. "ஜமக்காளம் கொடியில கிடக்குங்க. இது அரக்குக் கம்பளி."

அவர் குனிந்து அதன் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினார்.

"ரொம்ப சொரசொரன்னு இருக்கும்போதே சந்தேகப்பட்டிருக்கணும்."

"எப்போலேர்ந்து தெரியலை?"

"ஜன்னல் தெரியுது. விளக்கு எரிஞ்சா அது தெரியுது. கலர் எல்லாம் போய் ரொம்ப நாளாச்சு."

"ஏங்க சொல்லலை?"

"நீ அலைஞ்சு திரிஞ்சு வாங்கிட்டு வந்து நல்லா இருக்கான்னு கேக்கிற. நான் என்னன்னு சொல்றது?"

அவர் தோளில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். அவர் அழவில்லை. என் தலைமயிரைக் கோதிவிட்டுக்கொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகு நான் எதுவும் வாங்கவில்லை. அறையை அவரே மாற்றினார். நான் ஒரு முனையைப் பிடிக்க, சாமான்கள் எல்லாவற்றையும் சுவரோரமாகத் தள்ளி நடுவில் வெற்றிடம் விட்டோம். டீப்பாயை மாமிக்குக் கொடுத்துவிட்டோம். மழை நின்றதும், அந்தக் கே.கே. நகர் தச்சரை வரவழைக்கச் சொன்னார். மஞ்சள் கோடுகளை எல்லாம் இழைத்து எடுத்துவிட்டு மறுபடி கறுப்பு அடிக்க வேண்டுமாம்.

"எதுக்குங்க இப்போ?"

"என் ஞாபகத்துல அது கறுப்பாத்தான் இருக்கு. நிஜமும் அப்படியே இருக்கட்டுமே. வியாதியோ என்னவோ, எனக்குப் பிடிச்சது அதுதான்."

தச்சர் வந்தார். இந்தமுறை எதுவும் கேட்கவில்லை. வேலை முடித்துவிட்டு என் கணவரின் கையைப் பிடித்து மேஜை மேல் வைத்து, "பார்த்துக்கோ சார், வழவழன்னு கீதா?" என்றார். இவர் முனையிலிருந்து முனைவரை தடவிப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார். நாற்காலி உறைகளைக் கழற்றி மடித்து வைத்தேன். மறுநாள் சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து கதவைத் திறந்தபோது அறை சாமான்கள் வந்து இறங்கிய அன்று இருந்தது போலவே இருந்தது. இனிமேல் அதை நான் ஒருத்திதான் பார்க்க வேண்டும் என்ற நினைப்பு வந்ததும் விளக்கைப் போடாமலே கொஞ்சநேரம் வாசலில் நின்றேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் அவருக்கு ஒரு பள்ளியின் டெலிபோன் போர்டில் வேலை கிடைத்தது. காலையில் நானே பஸ்ஸில் கூட்டிப்போய் விட்டுவிட்டு ஆபீசுக்குப் போவேன். அவர் முதல் சம்பளம் வாங்கிய வாரம், தி. நகரில் நடைபாதைக் கடையில் ஒரு சின்னத் தலையணையைப் பார்த்தேன். எதற்கும் உபயோகம் இல்லாதது. எனக்குப் பிடித்திருந்தது, வாங்கினேன். அவர் நாற்காலியில் வைத்தேன். வந்து உட்கார்ந்தவர் முதுகுக்குப் பின்னால் கைவிட்டு எடுத்தார்.

"இது எப்போ வந்தது? என்ன கலர்?"

"பச்சை."

"எந்தப் பச்சை?"

யோசித்தேன். கிளிப்பச்சை இல்லை. வாழையிலை என்றால் அதிலும் தளிருக்கு ஒன்று, முற்றியதற்கு ஒன்று. குளத்துத் தண்ணீர் என்று சொல்ல வாயெடுத்து, அது சரியில்லை என்று விட்டுவிட்டேன். அவர் அவசரப்படுத்தவில்லை. தலையணையை மடியில் வைத்துக்கொண்டு, நான் சொல்வதற்காக முகத்தை என் பக்கம் திருப்பிக் காத்துக்கொண்டிருந்தார்.