எச்.எம். நாற்காலியில் கரடி

பிள்ளைகளை வாசிக்க வைக்கிற உத்தியோகத்தில் முதலில் தொண்டை போகும், மானம் அப்புறம்தான் போகும். ஒரே அறையில் மூன்று வகுப்பை வைத்துக்கொண்டு கத்துகிற டீச்சர்மாரே, உங்களுக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நான் குன்னூருக்குக் கீழே ஓர் எஸ்டேட் பள்ளியில் கத்துகிறேன். ஊர் கோயமுத்தூர், குணம் முன்கோபம்.

கொழுந்து மட்டும்

ரெண்டாவது படிக்கிற பிரபுவின் அம்மா தேயிலை பறிக்கிறவர். லீவு நாளில் இவனும் கூடவே காட்டுக்குப் போய்விடுவான். ஒருநாள் பாடத்தை வாசிக்கச் சொன்னேன். "ஆடு, மரம், வா, போ" என்று ஓட்டமாக ஓடினான். பெரிய வார்த்தை வந்த இடமெல்லாம் விரலைத் தூக்கித் தாண்டிவிட்டான். பக்கம் முடிந்ததும் பெருமையாக என்னைப் பார்த்தான். மிச்சத்தையெல்லாம் உங்க அம்மாவப் பெத்த அப்பிச்சி வந்து வாசிப்பாராடா என்று கேட்டேன். பயல் அசரவே இல்லை.

"முத்தின எலையச் சேத்துக் கிள்ளுனா பேக்டரில திருப்பி அனுப்பிருவாங்க டீச்சர். அதான் கொழுந்தாப் பாத்து எடுத்தேனுங்க."

டீசி

மூணாவதில் கௌசல்யா. நாளெல்லாம் வாய் ஓயாது, புத்தகத்தோடு எழுந்து நில் என்றால் மட்டும் ஊமை. அவள் அப்பா முருகேசனுக்குத் தேயிலை பேக்டரியில் வேலை. ஒருநாள் காலையில் வந்து, இந்த வாரத்துக்குள் மகள் ஒரு வார்த்தையாவது வாசிக்காவிட்டால் டீசி வாங்கி, வேன் வருகிற இங்கிலீஷ் பள்ளியில் சேர்க்கப்போவதாகச் சொன்னார்.

இருக்கிற பிள்ளைகளே கொஞ்சம். இன்னும் ஒன்று குறைந்தாலும் பள்ளிக்குப் பூட்டு என்று மேலிடத்தில் சொல்லியாயிற்று. பூட்டினால் பிரபு மாதிரிப் பொடிசுகள் காட்டெருமை வழிமறித்து நிற்கிற பாதையில் அடுத்த எஸ்டேட்டுக்கு நடக்கவேண்டும். "அங்க போனா மட்டும் படிச்சிருவாளாங்க?" என்று கேட்டேன்.

"படிக்காம இருக்கறதுன்னா இங்கிலீஷ்லயாவது படிக்காம இருக்கட்டுங்க டீச்சர்."

சோற்றுப் பருக்கை

அட்டைகளில் மிருகங்களின் பெயரைப் பெரிதாக எழுதினேன். படம் கிடையாது, எழுத்து மட்டும்தான். கத்திப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். கௌசல்யா வாயைத் திறக்கவில்லை. மத்தியானம் சாப்பிட்டு வந்தால் எச்.எம். அறையில் ஒரே சத்தம். அவர் நாற்காலி முதுகில் "கரடி" என்ற அட்டை, சோற்றுப் பருக்கையை மசித்து அப்பிக் கெட்டியாக ஒட்டியிருந்தது. எங்கள் பக்கம் சத்துணவு அறைக் கதவை உடைத்து எண்ணெய் குடிக்கிற ஆள் கரடிதான்.

கௌசல்யாவின் விரலில் பருக்கை காய்ந்திருந்தது. திட்ட வாயெடுத்தபோதுதான் எனக்கு உறைத்தது, படமே இல்லாத அட்டைகளில் இதை எப்படித் தேடி எடுத்தாள்? மற்ற அட்டைகளைக் கலைத்து நீட்டினேன். முயல், புலி, மான் என்று தடுமாறாமல் சொன்னாள். எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. எச்.எம். முகமும் அழுகிற மாதிரிதான் இருந்தது. அவருக்காக ஒப்புக்கு அதட்டினேன், "சாருக்கு ஏன்டி கரடி?"

"சத்துணவு ரூமுக்குள்ள மொதல்ல நொழையறது அவருதானுங்களே டீச்சர்."

ஸ்வெட்டர்

அன்று சாயங்காலமே முருகேசனை வரச் சொன்னேன். பனி இறங்கிவிட்டதால் என் நாற்காலியில் கிடந்த ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, அவர் முன்னால் அட்டையை நீட்டினேன். அப்பா முகத்தைக் கண்டதும் கௌசல்யா பழையபடி ஊமை. மத்தியானம் வாசித்தாள் என்று சத்தியம் செய்தேன். அவர் நம்பவில்லை, டீசி கொடுங்க என்றார். எனக்கு மனசே விட்டுப்போயிற்று. எச்.எம்.மைக் கூப்பிடத் திரும்பினேன்.

பின்னாலிருந்து முருகேசன் குரல் வந்தது. "அதென்ன பாப்பா டீச்சர் முதுகுல?"

"காட்டெருமைப்பா" என்றாள் கௌசல்யா, கணீரென்று.

தடவிப் பார்த்தால் ஸ்வெட்டரில் ஊக்கு குத்தி ஓர் அட்டை. முருகேசன் சிரித்த சிரிப்பில் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். டீசி வேண்டாமுங்க என்று கையை ஆட்டினார். பிறகு மரியாதைக்கு மகளை அதட்டினார், டீச்சருக்குப் போய் இப்படிக் குத்தலாமா என்று.

"பெல்லடிச்சாலும் வழியுடாம வாசல்லயே நிக்கறாங்களேப்பா."

வாத்தியாரைத் தெய்வம் என்று ஊரில் யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும், நாம் என்ன மிருகம் என்பதை வாசிக்கத் தெரிந்த பிள்ளையிடம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.