தரையோடு நிற்கும் வண்டி

அன்று காலை எழுந்ததும் முதலில் அடிபம்பில் தண்ணீர் பிடித்தேன். குடம் நிறைவதற்குள், ரயிலில் எங்கள் லேடீஸ் பெட்டியில் தினமும் வருகிற வசந்தா வந்து நின்றாள். "ஸ்டெல்லாக்கா பூட்டாங்கக்கா. தூக்கத்துலயே" என்றாள். அப்புறம் அவளே, "இன்னா தைரியம் அவங்களுக்கு, ம்" என்றாள். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது.

ஸ்டெல்லா சென்ட்ரல் பக்கம் ஓர் அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர். சிறுவயதில் போலியோ வந்து ஒரு கால் சூம்பியிருந்தது. எண்பதுகளில் எங்கள் ஸ்டேஷனில் பிளாட்பாரம் மிகவும் தாழ்வு. மின்சார ரயிலில் ஏற, காலை உயரத் தூக்கி வைக்க வேண்டும். வண்டி நிற்பதும் கொஞ்ச நேரம்தான். தினமும் நான் மேலிருந்து அவளை இழுப்பேன், வசந்தா கீழிருந்து தள்ளுவாள். பெட்டியே சிரிக்கும். அவள் சிரித்ததில்லை. "அரிசி மூட்டைய தூக்குறவன்கூட கேட்டுட்டுத்தாண்டி கை வெப்பான்" என்பாள்.

ஒருநாள் ஏதோ பத்திரிகையிலிருந்து வெட்டிய படம் ஒன்றைக் கொண்டுவந்தாள். வெளிநாட்டில் ஓர் ஊரில் பழைய டிராம்களை எடுத்துவிட்டுப் புதியவை விட்டிருந்தார்கள். வண்டியின் தளம் தரையோடு இருந்தது. கைத்தடியுடன் ஒரு கிழவி, பக்கத்து வீட்டுக்குள் போவதுபோல் ஏறிக்கொண்டிருந்தாள். அவளை யாரும் தொடவில்லை.

"நம்மூர்லதான் டிராமே பூட்ச்சே, இன்னாத்துக்குக்கா இந்த ஆசை?" என்றாள் வசந்தா.

"டிராம் யாருக்கு வேணும்? அந்தத் தரைதான் வேணும்."

அந்தப் படத்தோடு அவள் ரயில்வே அலுவலகம் ஒவ்வொன்றாகப் போனாள். ஓர் அதிகாரி, "தூக்கி விடத்தான் இத்தனை பேர் இருக்காங்களேம்மா" என்றாராம். எங்கள் உதவியே அவளுக்கு மறுப்பாகத் திரும்பி வந்தது.

பிறகு புது வண்டி வந்தது. அந்த வருடம் ஆயுத பூஜைக்கு வழக்கம்போல் பெட்டிக்கு வாழைக்கன்று கட்டி, பொரிகடலை வைத்தோம். முதல் பொட்டை ஸ்டெல்லா வைக்கட்டும் என்றார்கள். அவள் சந்தனக் கிண்ணத்தை வாங்கவில்லை. படியையே பார்த்தாள்.

"புது வண்டியாம். உசரம் மட்டும் பழசு. பொட்டு வெச்சா எறங்கி வருமா?"

ஸ்டெல்லா கிறிஸ்தவள். "வேதக்காரங்க, அதான் வெக்க மாட்டேங்குறாங்க" என்று பெட்டியில் முணுமுணுத்தார்கள். அவ்வளவு பேரில் ஒருவர்கூடக் குனிந்து படியைப் பார்க்கவில்லை.

சில வருடங்களில் நல்ல காலின் முட்டியும் போனது. சர்வீஸ் பாக்கியிருக்கும்போதே வேலையை விட்டாள். வழியனுப்பு விழாவில் அவள் தன்னம்பிக்கையைப் புகழ்ந்து பேசினார்கள். அவளிடம் தன்னம்பிக்கை எப்போது குறைந்திருந்தது? குறைவாக இருந்தது பிளாட்பாரத்தின் உயரம்.

அடக்கம் முடிந்ததும் அவள் தங்கை என்னைத் தனியே அழைத்து, "உங்ககிட்டதான் குடுக்கணும்னு எப்பவோ சொல்லி வெச்சிருந்தா" என்று அந்தப் படத்தைத் தந்தாள். மடிப்புகளில் நைந்து போயிருக்கிறது. அவளுடையது என்று என்னிடம் இருப்பது அதுவும், இந்தக் கோபமும்தான்.

வருகிற ஆயுத பூஜைக்குப் பெட்டியில் ஸ்டெல்லாவின் போட்டோவை மாட்டி, கீழே 'தன்னம்பிக்கைச் சுடர்' என்று எழுதப் போகிறார்களாம். பிரேம் போடும் பொறுப்பு என்னுடையது. அவள் போட்டோவைக் கடையில் கொடுக்கப் போவதில்லை. டிராம் படத்தைத்தான் கொடுக்கப் போகிறேன். இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. மாலையை வசந்தா கொண்டுவருவாள். எதற்குப் போடுகிறோம் என்று அன்றைக்காவது நின்று பார்க்கட்டும்.