மாமா வண்டியைக் கூப்பிட்ட படம்

வண்ணார்பேட்டையில் நான் போட்டோக் கடை வைத்திருந்த காலத்தில் ஊரெங்கும் சுதேசிப் பேச்சாக இருந்தது. ஒரு சாயங்காலம் ஆற்றுமணலில் சீமைத் துணியைக் கொளுத்தப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, காமிராவைத் தூக்கிக்கொண்டு போனேன். சாலையோர மேட்டில் அதை நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தேன். அதற்குள் யாரோ, "போலீசு வருதுலே!" என்று கத்திவிட்டார்கள். கூட்டம் மணலிலிருந்து சாலைக்கு ஏறி, என்னை நோக்கியே ஓடிவந்தது. பயத்தில் கை தானாக விசையை அமுக்கிவிட்டது. பிறகு நானும் ஓடினேன்.

கண்ணாடித் தகட்டைக் கழுவிப் பார்த்தபோது, ஓடியவர்கள் எல்லாரும் புகையாகக் கலங்கியிருந்தார்கள். நடுவில் ஒருவர் மட்டும் அசையாமல் நின்றிருந்ததால், மீசையிலிருந்து குடைவரை தெளிவாக விழுந்திருந்தார். வலது கை வானத்தை நோக்கி உயர்ந்திருந்தது. வாய் பெரிதாகத் திறந்திருந்தது. அவர் என் மனைவியின் தகப்பனார்.

மாமா தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. தாசில்தார் தும்மினாலும் எழுந்து நிற்பவர். ஆபீஸ் விட்டு வரும் வழியில் கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறார். தப்பித்துப் போக அவ்வழியே போன ஒரு ஜட்கா வண்டியைக் கூப்பிட்டிருக்கிறார். "கத்துன கத்துல தொண்டை கட்டிப்போச்சு மாப்ளே, அந்த வண்டிக்காரப் பய திரும்பிக்கூடப் பாக்கல" என்று மறுநாள் என்னிடம் அவரே புலம்பினார். படத்தைப் பற்றி நான் மூச்சுவிடவில்லை.

சில வருஷங்கள் கழித்து, ஊரில் அந்தக் கொந்தளிப்பு அடங்கிய பிறகு, ஜவுளிக்கடை அண்ணாச்சி ஒருவர் என் கடைக்கு வந்தார். "கடைச் சுவத்துல சீமைப் படமா தொங்குது வே. சுதேசித் துணி வாங்க வர்றவன் அதப் பாத்துச் சிரிக்கான். நம்ம ஊருப் படம் ஏதும் இருக்கா?" என்றார்.

எனக்கு அந்தத் தகடு ஞாபகம் வந்தது. மாமாவைக் கேட்டால் கூடாது என்பார், ஆகவே கேட்கவில்லை. பெரிதாக அச்செடுத்து, தேக்குச் சட்டம் போட்டுக் கொடுத்தேன். அண்ணாச்சி கடையில் பார்த்தவர்களெல்லாம் தங்களுக்கும் வேண்டுமென்று வந்தார்கள். போலீஸ் விசாரித்த காலத்தில் ஆற்றுப் பக்கமே போகவில்லை என்று சத்தியம் செய்தவர்கள், இப்போது படத்திலிருந்த புகையைத் தொட்டு, "இது நாந்தான்" என்றார்கள்.

தீபாவளிக்கு வேட்டி எடுக்கப் போன மாமா, அங்கே சுவரில் தம்மையே பார்த்துவிட்டார். நேரே என்னிடம் வந்தார்.

"என்னவே மாப்ளே, எம் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீரே! அந்த மூஞ்சியச் சுரண்டி எடும்!"

"சுரண்டிருதேன் மாமா. அண்ணாச்சி ஒண்ணும் சொல்லலியா?"

அவர் குரல் இறங்கியது. "எந்திரிச்சி நின்னு கும்பிட்டாரு. சர்பத்து குடுத்தாரு. எனக்கு முன்னால அவரு உக்காரவே மாட்டேன்னுட்டாரு." சற்று நேரம் மீசையைத் தடவினார். "சரி, சுரண்டுததப் பைய பாத்துக்கிடலாம்."

அதன்பின் வேட்டி துண்டு ஒன்றும் தேவைப்படாமலே மாமா அந்தக் கடைக்கு அடிக்கடி போனார். படத்துக்குக் கீழே உட்காருவார்.

அப்படி ஒருநாள் அவர் உட்கார்ந்திருக்கையில், ஊருக்குப் புதிதாக வந்த இன்ஸ்பெக்டர் கடைக்குள் நுழைந்தார். படத்தைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். என்னை வரச்சொல்லி ஆள் வந்தது. நான் போனபோது கடை வாசலில் கூட்டம் கூடியிருந்தது; மாமா வேர்த்து நனைந்திருந்தார்.

"என்ன கோஷம் போடுதாரு இவரு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கோஷம் இல்லைங்க. வண்டியக் கூப்பிடுதாரு."

"யாருகிட்ட கதை விடுதீரு?" அவர் மாமாவிடம் திரும்பினார். "எங்கே, அன்னைக்குக் கூப்பிட்ட மாதிரி கூப்பிடும், பாப்போம்."

மாமா எழுந்தார். கையைத் தூக்கி, உயிரைக் கொடுத்துக் கத்தினார்: "ஏய் வண்டீ!"

தெருவில் போன ஜட்கா சடக்கென்று நின்றது. வண்டிக்காரன் கடைக்குள் எட்டிப்பார்த்து, "எங்க சாமி போணும்?" என்றான்.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். வெகுநேரம் சிரித்தார். பிறகு வேறொன்றும் கேட்காமல், அதே ஜட்காவில் ஏறிப் போய்விட்டார்.

மாமா என்னை முறைத்தார். "அத்தன பேரு முன்னால வண்டியத்தான் கூப்பிட்டேன்னு சொல்லிப்போட்டீரே வே." ஜெயிலிலிருந்து தப்பியது அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்த மாதம் முழுவதும் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

படம் இனி விற்காது என்றுதான் நினைத்தேன். ஊர் வேறு மாதிரி பேசியது. "இன்ஸ்பெக்டரையே ஏமாத்திட்டாரு பாத்தியா? என்ன மூளை, என்ன நடிப்பு!" என்று தூரத்து முக்கூடலிலிருந்துகூட வந்து படம் வாங்கினார்கள். இந்தப் பேச்சு காதுக்கு எட்டியதும் மாமா மறுபடி வந்தார். தமக்கும் ஒரு படம் வேண்டுமென்றார்.

"நல்ல சட்டமாப் போடும்" என்றார். "அன்னைக்கு நான் வண்டியக் கூப்பிட்டேனா, வேற எதுவும் சொன்னேனான்னு இப்போ எனக்கே சரியா ஞாபகம் இல்ல மாப்ளே."