உடைந்தது ஒரு ஸ்பிரிங்

கார் திருத்துகிற தொழிலில் பாதி நேரம் காருக்குக் கீழே போகும். மீதி நேரம் நான் கள்ளன் இல்லை என்று நிரூபிப்பதில் போகும். கராஜில் சாவியைக் கொடுத்துவிட்டு மனம் கேளாமல் வாசலிலேயே நின்றவர்களுக்கும், அந்தச் சாவியை வாங்கிய என்னைப் போன்றவர்களுக்கும் இந்தப் பாடு விளங்கும்.

இரண்டு எதற்கு?

டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் இருக்கும் என் கராஜுக்குக் குகன் அண்ணை வந்தார். இடதுபக்க முன்சக்கரத்தில் 'டொக் டொக்' என்று சத்தம். பனிக்காலத்தில் தெருவுக்குப் போடும் உப்பு அரித்து, ஸ்பிரிங்கின் அடி வளையம் உடைந்திருந்தது. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் கார் சரிந்து நிற்கும், இரண்டையும் சேர்த்துத்தான் மாற்றுவது என்றேன். அவர் குனிந்து வலதுபக்க ஸ்பிரிங்கைத் தடவிப் பார்த்தார். ஃபோனில் அதைப் படம் எடுத்தார். என்னையும் சேர்த்து எடுத்தாரோ என்று எனக்கு இன்றும் சந்தேகம்.

"உடைஞ்சது ஒண்டு, மாத்துறது ரெண்டோ? நல்ல தொழில்தான் தம்பி."

இரவல்

தானே செய்வதென்று முடிவெடுத்து இரண்டு கிழமை வீடியோ பார்த்தார். பிறகு ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவியை இரவல் கேட்டு வந்தார். அமுக்கிய ஸ்பிரிங் கை தவறிப் பாய்ந்தால் தாடை போய்விடும் என்றேன். கொடுக்காவிட்டால் கயிற்றால் கட்டியாவது செய்வார், அவரை எனக்குத் தெரியும். ஆகவே கொடுத்தேன். எந்த போல்றை எவ்வளவு இறுக்குவது என்று அளவு காட்டும் ஸ்பானர் சாவியையும் கொண்டுபோகச் சொன்னேன். அவர் அதைத் தொடவே இல்லை.

"என்னைப் பயப்பிடுத்தித் திருப்பிக் கூப்பிடப் பாக்கிறாய். அந்தச் சாவி உன்னட்டையே கிடக்கட்டும்."

வனிதா அக்கா

அடுத்த கிழமை அவருடைய மனைவி வனிதா அக்கா காரைத் தனியாக ஓட்டிக்கொண்டு வந்தார். முதியோர் பராமரிப்பு வேலைக்கு அதே காரில் தினமும் நெடுஞ்சாலையில் சில்க்போர்க் நகருக்குப் போய்வருகிறவர். குகன் அண்ணை திருத்திய நாளிலிருந்து திருப்பங்களில் ஏதோ ஆடுகிறது, ஒருக்கால் பார்க்கவேண்டும், ஆனால் அவருக்குத் தெரியக்கூடாது என்றார். சரி என்றேன்.

காரை உயர்த்தினேன். சக்கரத்தை ஷொக் அப்சோபரோடு சேர்த்துப் பிடிக்கும் பெரிய போல்றின் நட்டு, கழன்று விழுகிற நிலையில் நின்றது. இதோடுதான் இந்த மனுசி நாலு நாளாக லொறிகளுக்கு நடுவே போய்வந்திருக்கிறார். குகன் அண்ணை மேல் பொல்லாத கோபம் வந்தது. நான் கை வைக்காமல் அக்காவைக் கூப்பிட்டு, அவருடைய விரலாலேயே திருப்பிப் பார்க்கச் சொன்னேன். போத்தல் மூடி மாதிரிச் சுற்றியது. அக்கா நட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நான் கோப்பி எடுக்கப் போன நேரம் நீங்கள் இதிலை கை வைக்கேல்லைத்தானே தம்பி?"

அவருக்குத் தெரியக்கூடாது

சனிக்கிழமை குகன் அண்ணை கருவியைத் திருப்பித் தர வந்தார். கார் பூப்போல ஓடுகிறதாம். அடுத்ததாக பிரேக்கையும் தானே மாற்றப்போகிறாராம். அக்காவுக்குச் சொன்ன சொல்லை அதற்குமேல் என்னால் காப்பாற்ற முடியவில்லை. அக்கா காரைக் கொண்டுவந்ததையும் நட்டு நின்ற நிலையையும் நான் அதை இறுக்கிவிட்டதையும் சொன்னேன். சக்கரம் மடிந்திருந்தால் உள்ளே இருந்தது யார் என்றும் கேட்டேன். சண்டைக்கு வருவார் என்றுதான் நினைத்தேன். அவர் பழைய டயர் ஒன்றின்மேல் மெல்ல உட்கார்ந்துவிட்டார்.

"நட்டை விடு தம்பி. அவள் என்னை நம்பாமலோ உன்னட்டைக் கொண்டுவந்தவள்?"

இப்போது அந்தக் கார் என்னிடம்தான் வருகிறது, இருவரும் சேர்ந்தே வந்து ஒருவரையொருவர் கண்காணித்துக்கொண்டு நிற்பதால் இந்தத் தொழிலில் முதல்முறையாக யாரும் பார்க்காமல் வேலை செய்கிறேன்.