நர்சம்மா மென்ற மாத்திரை

வேலையிலிருந்து ஓய்வு பெற்று எத்தனையோ வருஷம் ஆகியும், புதன்கிழமை பிறந்தால் நர்சம்மாவுக்குக் கால் பரபரக்கும். புதன்கிழமைதான் ஊசி நாள். சுகாதார நிலையத்தின் நீண்ட அறை, ஒரு காலுக்கு அட்டை மடித்து முட்டுக்கொடுத்த மேஜை, ஸ்பிரிட் வாசனை, வீறிட்டு அழும் பிள்ளைகள். வேறு யாராவது என்றால் அப்பாடா, விட்டது தொல்லை என்று காலை நீட்டிப் படுத்திருப்பார்கள். இவளுக்கோ அந்த அழுகைச் சத்தம் காதில் விழாத புதன்கிழமை ஒரு புதன்கிழமையே இல்லை.

அதிலும் ஒரு புதன்கிழமையை நினைத்தால் இப்போதும் தனியாகச் சிரித்துக்கொள்வாள். கூடவே வெட்கமும் வரும்.

அதற்கு முன்பெல்லாம் ஊசி ஒரு நாள், பூச்சி மாத்திரை இன்னொரு நாள். ஒரு பிள்ளைக்காக ரெண்டு நாள் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டு யார் வருவார்கள்? ஊசிக்கு வந்தவள் மாத்திரைக்கு வரமாட்டாள். நர்சம்மா வெயிலில் தெருத்தெருவாக அலைந்து கெஞ்சியதில் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். ஆகவே இரண்டையும் ஒரே நாளில் கொடுக்கலாம் என்று மேலிடத்து உத்தரவு வந்தபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. முதலில் மாத்திரை, அப்புறம்தான் ஊசி என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அழுகிற பிள்ளையின் வாயில் மாத்திரையைப் போட்டால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும் அல்லவா? தத்தித் தத்தி நடக்கிற குழந்தைக்குப் பாதி மாத்திரையை இரண்டு கரண்டிகளுக்கு நடுவில் வைத்துப் பொடித்து, ஆறவைத்த தண்ணீரில் கரைத்துப் புகட்டுவாள். பெரிய பிள்ளைகள் இனிக்கிறதே என்று சப்புக்கொட்டி மெல்லும். அடுத்த நிமிஷம் ஊசி. "ஏமாத்திட்டாங்க! ஏமாத்திட்டாங்க!" என்று ஒரு பயல் தெருவே கேட்கக் கத்தினான்.

சும்மா கொடுத்தனுப்புகிற ஆளா அவள்? நகத்தை வெட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவு, கக்கூசுக்குச் செருப்பில்லாமல் போகாதே என்று ஒவ்வொருத்தியையும் ஒரு பிடி பிடித்துத்தான் விடுவாள். வீட்டிலும் அதே கதைதான். பஸ் ஓட்டிவிட்டுக் களைத்து வரும் கணவர், கை கழுவியதற்குச் சாட்சியாக உள்ளங்கையை மோந்து பார்க்கக் கொடுத்தால்தான் தட்டில் சோறு விழும். சுகாதார நிலையத்தைப் பெருக்கும் ஆயாவுக்கோ நாள் முழுக்க அர்ச்சனை.

முதல் முகாமில் நல்ல கூட்டம். மறுநாள் காலையிலேயே வந்தது வினை. தெருக்கோடித் தையல்காரி, கழுத்தில் அளவு நாடா தொங்க, ஐந்து வயது மகனைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தாள். பின்னால் ஒரு பெண்கள் பட்டாளம்.

"நல்லா இருந்த புள்ளைக்கு ஊசி வழியா பூச்சிய ஏத்தி விட்டுட்டீங்களே! காலைல கக்கூஸ்ல பாத்து எனக்கு உசுரே போயிடுச்சு!"

"அட, அது முன்னாடியே வயித்துல இருந்ததும்மா. மாத்திரை வெளிய தள்ளியிருக்கு."

"என் புள்ள வயித்துலயா? அப்போ நான் சுத்தமில்லாதவளா? நேத்து ஊசி போட்டீங்க, இன்னைக்குப் பூச்சி வருது. எங்களுக்கு என்ன கண்ணு அவிஞ்சா போச்சு? சின்னவளுக்கு ஊசி போட விடவே மாட்டேன். இங்க ஒருத்தியும் விடமாட்டா!"

சின்னவளுக்கு ஒன்றரை வயது. முகாமன்று காய்ச்சலாக இருந்ததால் தட்டம்மை ஊசி பாக்கி. ஏதேதோ காரணத்தால் அன்று வராத பிள்ளைகளையும் சேர்த்தால் பாதித் தெருவுக்குப் பாக்கி. பக்கத்துக் குடியிருப்பிலோ தட்டம்மை வீடு வீடாகப் புகுந்துகொண்டிருந்தது. ஒரு குழந்தையை மூச்சுத் திணற ஆம்புலன்சில் கொண்டுபோயிருந்தார்கள். நர்சம்மாவுக்குப் பயம் வந்தால் கூடவே கோபமும் வரும்.

"இந்தா, பாரு!" என்று டப்பாவைத் திறந்து ஒரு மாத்திரையை வாயில் போட்டுக் கடுக்முடுக்கென்று மென்றாள். ஆயாவின் வாயிலும் ஒன்றைத் திணித்தாள். "எங்க ரெண்டு பேருக்கும் ஊசி போடல, மாத்திரை மட்டும்தான். வயித்துல பூச்சி இருந்தா வரும், இல்லன்னா வராது. சனிக்கிழமை வந்து கேளுங்க!"

ஆயாவுக்குக் கட்டாயம் வரும், ஊசிமேல் விழுந்த பழி நீங்கிவிடும் என்பது அவள் போட்ட கணக்கு. நாளெல்லாம் குப்பையிலே கை வைக்கிறவள் ஆயிற்றே!

சனிக்கிழமை விடிகாலையில் நர்சம்மா பேயறைந்த முகத்தோடு கக்கூசிலிருந்து வெளியே வந்தாள். விஷயத்தைக் கேட்டுக் கணவர் சிரித்த சிரிப்பில் அவருக்கு இருமலே வந்துவிட்டது.

"தினமும் என் கைய மோந்து பாத்தியே! கடைசில உன் வயித்துலயா குடித்தனம் நடக்குது!"

"சிரிக்காதீங்க. எனக்கு அழுகையா வருது."

"சரி, சரி. வெளிய மூச்சு விடாத. மானம் கப்பலேறிடும். ஒண்ணும் வரலன்னு சொல்லிடு. யாரு வந்து பாக்கப் போறா?"

அவளும் அப்படியே சொல்லிவிடுவது என்றுதான் கிளம்பிப் போனாள்.

அறை நிறைய அதே பட்டாளம். தையல்காரி முதலில் ஆயாவைத்தான் பிடித்தாள். "என்ன ஆயா, வந்துச்சா?"

"எனக்கு ஒரு மண்ணும் வரல!" என்றாள் ஆயா, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

"கேட்டீங்களாடி? ஊசி போடாதவங்களுக்கு வரல. அப்போ பூச்சி ஊசியிலதான் இருக்கு!"

பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினார்கள். தையல்காரியின் இடுப்பிலிருந்த சின்னவள் அம்மாவின் அளவு நாடாவைச் சப்பிக்கொண்டே நர்சம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். நர்சம்மாவால் தாங்க முடியவில்லை.

"எனக்கு வந்துச்சு."

யாருக்கும் சரியாகக் காதில் விழவில்லை.

"எனக்கு வந்துச்சுங்கறேன்! ஒரு சாண் நீளம். ஊசியே போட்டுக்காத எனக்குத்தான் வந்துச்சு. போதுமா?"

வாசல் வரை போனவர்கள் திரும்பி வந்தார்கள். அப்புறம் யாரோ ஒருத்தி களுக்கென்று ஆரம்பிக்க, அறையே அதிர்ந்தது. "ஊருக்கெல்லாம் சோப்புப் போடச் சொன்ன மகராசி!" என்றாள் ஒருத்தி. ஆயா கிட்டே வந்து, "கைய நல்லாக் கழுவணும்மா" என்று பதவிசாகப் புத்தி சொன்னாள். நர்சம்மாவுக்குப் பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது. அவர்கள் சிரித்துக்கொண்டே கலைந்து போனார்கள். ஊசிக்கு வருவோம் என்று ஒருத்தியும் சொல்லவில்லை.

புதன்கிழமை வந்தது. கரண்டிகளைக் கழுவி வைத்து, தண்ணீரை ஆறவைத்து, ஊசிமருந்துப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெயில் ஏறும் வரை ஈ காக்கை இல்லை. மானமும் போய் ஊசியும் போனதா என்று நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. முன்னால் தையல்காரி, அவள் பின்னால் தெரு.

சின்னவள் பொடித் தண்ணீரைச் சமர்த்தாகக் குடித்தாள். ஊசி இறங்கியதும் கூரை பிய்த்துக்கொள்ளும்படி அழுதாள். நர்சம்மாவின் காதுக்கு அதைவிட இனிமையான சத்தம் இருந்ததில்லை.

தையல்காரி நகராமல் அங்கேயே நின்று, ஒரு கையால் பிள்ளையைத் தட்டிக்கொண்டே மறு கையை நீட்டினாள்.

"பெரியவனுக்கா? அவனுக்குத்தான் குடுத்தாச்சேம்மா."

"எனக்கு." தையல்காரியின் குரல் வெகுவாகத் தணிந்திருந்தது. "நீங்களே இப்படின்னா, நான் எந்த மூலைக்கு?"

பின்னால் நின்ற யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருத்தியாக, பிள்ளையின் கையோடு தன் கையையும் நீட்டினாள்.